தோற்ற ஆட்டத்தை எழுதி வையுங்கள்

(கொத்மலைப் பகுதித் தோட்டமொன்றின் வாசிகசாலையில் சனிக்கிழமை மாலை பெற்றாருக்கும் பிள்ளைகளுக்கும் நாங்கள் நிகழ்த்திய உரை. வர முடியாமற் போன குடும்பங்களுக்காக இங்கே தருகிறோம்.)



இந்த மழையிலும் வந்திருக்கிறீர்கள். கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, கூடையை வீட்டில் வைத்த கையோடு வந்தவர்களும் இருக்கிறீர்கள். ஆகையால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறோம்.

இந்த வாசிகசாலையில் செஸ் பலகையை விரித்த முதல் வருசம் பிள்ளைகள் பழகிய வேகத்தைப் பார்த்து நாங்களே அசந்து போனோம். குதிரை எப்படித் தாண்டும் என்று ஒரு கிழமையில் பிடித்துக்கொண்டார்கள். மாமாவை ஜெயித்தார்கள், அண்ணனை ஜெயித்தார்கள், எங்களையும் ஜெயித்தார்கள். பிறகு வலயப் போட்டிக்குப் போனார்கள். டவுன் பாடசாலைப் பிள்ளைகளிடம் முதலாம் சுற்றிலும் இரண்டாம் சுற்றிலும் தோற்றுத் திரும்பினார்கள். அடுத்த வருசமும் அதே கதைதான். தினமும் விளையாடியும் யாரோ மட்டக்குச்சி வைத்து அளந்த மாதிரி அதற்கு மேலே போகவேயில்லை.

அப்படிப் போய் வந்த ஒரு தம்பி இங்கே வருவதை நிறுத்திவிட்டான். பெயர் வேண்டாம், அவன் இப்போது மறுபடியும் வருகிறான், பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். அவனைத் தேடி லயத்துக்குப் போனபோது அவனுடைய அம்மா தேத்தண்ணி கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நம்ம புள்ளைகளுக்கு அவ்வளவுதாங்க வரும். டவுன் புள்ளைகளுக்கு இங்கிலீசு புத்தகம் இருக்கு, டியூசன் இருக்கு."

அந்த "அவ்வளவுதாங்க வரும்" என்ற சொல்லைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தோம். அந்த அம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தச் சொல்லை நாங்களும் எங்கள் வீடுகளில் கேட்டு வளர்ந்தவர்கள்தான்.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். பிள்ளைகளுக்கு ஆசை வரட்டும் என்று நான்கு நகர்த்தலில் மேட் வைக்கும் வித்தையை ஆரம்பத்திலேயே காட்டிக் கொடுத்தோம். உங்களில் பல பேருக்குத் தெரியும். ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவது, மந்திரியை, அதாவது பிஷப்பை, சி4க்குக் கொண்டு வருவது, ராணியை எச்5இல் போடுவது, அடுத்ததாக எஃப்7இல் இருக்கும் சிப்பாயை ராணியால் வெட்டி மேட். லயத்தில் எல்லாரையும் இதை வைத்தே ஜெயிக்கலாம். நாங்களும் கை தட்டினோம்.

ஆனால் கொஞ்சம் ஆடத் தெரிந்த பிள்ளை என்ன செய்யும்? தன் குதிரையை சி6க்குக் கொண்டு வந்திருக்கும். ராணி எச்5க்கு வந்தவுடன் ஜி7 சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி ராணியை விரட்டும். ராணி எஃப்3க்குப் போய் மறுபடியும் எஃப்7ஐப் பார்க்கும். உடனே மற்றக் குதிரையை எஃப்6இல் வைத்து வழியை அடைத்துவிடும். இப்போது பலகையைப் பாருங்கள். அந்தப் பிள்ளையின் இரண்டு குதிரைகளும் வெளியே வந்து வேலை செய்கின்றன. நம்ம பிள்ளையின் குதிரை இரண்டும் லயத்துக்குள்ளேயே நிற்கின்றன. அதில் ஒன்று வர வேண்டிய எஃப்3 கட்டத்தில் ராணியே குந்திக்கொண்டிருக்கிறது. மேட்டும் இல்லை, ஆட்டமும் கெட்டுப் போயிற்று.

எதிராளி பார்க்கமாட்டார் என்ற நம்பிக்கையில்தான் அந்த வித்தையே நிற்கிறது. பார்க்கத் தெரிந்தவர் முன்னால் வந்து உட்கார்ந்த அன்றைக்கு நம்ம பிள்ளை நின்றுபோகிறது. இது டவுனுக்கும் தோட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் இல்லை. உலகத்தில் எங்கே செஸ் பழகினாலும் ஆரம்பக்காரர் வந்து நிற்கிற இடம் இதுதான்.

இனி ஒரு பழைய கதை. கதை என்றாலும் நடந்தது.

மீர் சுல்தான் கான் என்று ஒருவர். பஞ்சாபில் மித்தா திவானா என்ற ஊர்க்காரர். அந்த ஊர் இன்றைக்குப் பாகிஸ்தானில் இருக்கிறது. தகப்பனிடம் சிறு வயதில் இந்திய முறைச் சதுரங்கம் பழகினார். அந்த முறையில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும். ராஜாவையும் கோட்டையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றும் இன்றைய காஸ்லிங்கும் அதில் இல்லை. சேர் உமர் ஹயாத் கான் என்ற பெரும் நிலக்காரர் இவருடைய திறமையைப் பார்த்து ஐரோப்பிய முறையையும் பழக வைத்தார். 1928இல் அகில இந்தியப் போட்டியில் ஜெயித்து, 1929இல் அவரோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அங்கேயுள்ளவர்கள் இவரை வேலைக்காரர் என்றே எழுதினார்கள். குடும்பத்தார் பிற்காலத்தில் அதை மறுத்திருக்கிறார்கள். எப்படியானாலும், பெரிய மனிதர்கள் உட்கார்ந்த மேசையில் அவர் சமமாக உட்கார்ந்தது செஸ் பலகையில் மட்டும்தான்.

இங்கிலாந்தில் முதலில் ஒரு சிறிய பயிற்சிப் போட்டியில் ஆடினார். கடைசி இடங்களில் ஒன்றுதான் கிடைத்தது. இந்தியாவையே ஜெயித்து வந்தவர்! அன்றைக்கு யாராவது "இவருக்கு அவ்வளவுதான் வரும்" என்று சொல்லியிருந்தால் பொருத்தமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அதே போட்டியில் ஆடிய வின்டர், யேட்ஸ் என்ற இரண்டு ஆங்கிலேய ஆட்டக்காரர்கள் அவரோடு உட்கார்ந்து பயிற்சி கொடுத்தார்கள். அவருடைய குறை ஆட்டத்தின் தொடக்கத்தில் இருந்தது. ஐரோப்பியர் புத்தகம் புத்தகமாகப் படித்து வைத்திருந்த தொடக்க வழிகள் அவருக்குப் பழக்கமில்லை. நடு ஆட்டத்திலும் கடைசி ஆட்டத்திலும் அவரை அசைக்க முடியாது. அந்த ஒரு குறையைத்தான் கவனித்தார்கள். அதே 1929ஆம் வருசம் கோடையில் பிரித்தானிய சம்பியன் பட்டத்தை அவரே எடுத்தார். 1932லும் 1933லும் திரும்ப எடுத்தார். இடையில், முன்னாள் உலக சம்பியன் கபபிளாங்காவையே ஹேஸ்டிங்ஸ் போட்டியில் தோற்கடித்தார். 1966இல் காலமானார். உலகச் செஸ் சம்மேளனம் 2024இல்தான் அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது. இவ்வளவு காலம் எடுத்ததைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. இன்றைக்கு வேண்டாம்.

இங்கே இருக்கிற தங்கச்சிமாருக்காக இன்னொன்று. அதே உமர் ஹயாத் கான் வீட்டில் வேலை செய்த ஃபாத்திமா என்ற இளம் பெண் 1933இல் பிரித்தானியப் பெண்கள் சம்பியன் ஆனார். ஆகவே "பொம்பளைப் புள்ளைக்கு எதுக்குச் செஸ்" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி எவ்வளவோ காலமாகிவிட்டது.

சரி, சுல்தான் கானுக்குத் தொடக்கத்தில் குறை. நம்ம தம்பிக்கு எங்கே குறை? அவன் எங்களிடம் சொன்னது, "அவங்க எல்லாம் ஓப்பனிங் பாடமாக்கிட்டு வர்றாங்க, அதான் தோக்குறேன்" என்று. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் அவன் போட்டியில் நகர்த்தல்களை எழுதியிருந்த தாள்கள் புத்தகப் பையின் அடியில் கசங்கிக் கிடந்தன. அவற்றை எடுத்துப் பலகையில் ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்துப் பார்த்தோம். ஒரு மாலை முழுக்க அதற்கே போய்விட்டது.

பார்த்தால், தொடக்கத்தில் அவன் தோற்கவேயில்லை. பத்தாவது நகர்த்தல் வரைக்கும் ஆட்டம் சமமாகவே இருந்தது. அதற்குப் பிறகு ஒரு குதிரையோ மந்திரியோ காவல் இல்லாத கட்டத்தில் நின்றிருக்கிறது, எதிராளி சும்மா எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஓர் ஆட்டத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் இதேதான். அந்த ஓர் ஆட்டத்தில் ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்துக்கொண்டும் ஜெயிக்கத் தெரியாமல் விட்டிருக்கிறான். இங்கிலீசுப் புத்தகமும் டியூசனும் இல்லாததால் அவன் தோற்கவில்லை. தோற்ற தாளை விரித்துப் பார்க்காததால், தோற்ற காரணம் அவனுக்கே தெரியாமல் இருந்தது.

அதனால்தான் எழுதி வையுங்கள் என்கிறோம். வைத்தியர் மாதிரி நாங்கள் எல்லாருக்கும் ஒரே மருந்து தர முடியாது. ஒரு பிள்ளைக்கு ராணியை அவசரமாக வெளியே எடுக்கிற பழக்கம் இருக்கும். இன்னொரு பிள்ளை ஜெயிக்கிற நிலையில் அசந்துவிடும். இன்னொன்று ராஜாவை நடுவிலேயே விட்டுவிட்டுச் சண்டைக்குப் போகும். யாருக்கு எது என்று சொல்லக்கூடியது அவரவர் தோற்ற ஆட்டம்தான். ஒரு கொப்பி போதும். கட்டங்களின் பெயரை ஏ முதல் எச் வரை, ஒன்று முதல் எட்டு வரை பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்கிறோம். பெரிய போட்டிகளில் எப்படியும் எழுதித்தான் ஆக வேண்டும். தோற்ற அன்றைக்கு வேண்டாம், மனசு கேட்காது. அடுத்த நாள் பலகையில் வைத்து, எந்த நகர்த்தலில் ஆட்டம் கை மாறியது என்று கண்டுபிடித்து, அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, ஏன் என்று ஒரு வரி எழுதினால் சரி. பத்து ஆட்டம் சேர்ந்தபின் அந்தப் பத்து வரியை மட்டும் வாசித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வந்திருக்கும்.

காவல் இல்லாத காயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் ஆரம்பக்காரரின் தோல்வி அதிகமாக அங்கேதான். எதிராளி ஒரு காயை நகர்த்தியவுடன் நம்ம பிள்ளைகளின் கை பறந்து போகிறது. தான் முன்பே நினைத்து வைத்ததை நகர்த்திவிடுகிறார்கள். எதிராளி எதற்காக அதை நகர்த்தினார் என்று கேட்பதேயில்லை. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள். அவர் இப்போது எனக்கு செக் வைக்க முடியுமா? என்னுடைய எந்தக் காயை வெட்ட முடியும்? நான் நகர்த்தப் போகிற இடத்தில் என் காய்க்குக் காவல் இருக்கா? இதற்கு அரை நிமிசம் போதும். இந்த மூன்றையும் விடாமல் கேட்கிற பிள்ளை, புதிதாக ஒன்றும் படிக்காமலே முன்னால் போகும்.

லயத்தில் விளையாடும்போது "இரு இரு, திருப்பி வைச்சிக்கிறேன்" என்கிற பழக்கத்தையும் விட வேண்டும். போட்டியில் தொட்ட காயை நகர்த்தியே தீர வேண்டும். வீட்டில் திருப்பி வைத்துப் பழகின கை அங்கே போய் மாட்டிக்கொள்கிறது.

அடுத்தது, ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும் ஜெயிக்காத அந்த ஆட்டம். பிள்ளைகளுக்குக் கடைசி ஆட்டம் என்றால் சலிப்பு. ராணி போய்விட்டால் ருசி போய்விட்டது என்று நினைக்கிறார்கள். 2024 டிசம்பர் 12ஆம் திகதி சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கான பதினான்காவது ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் சீனாவின் டிங் லிரென், அப்போதைய உலக சம்பியன். மறுபக்கம் சென்னைப் பையன் குகேஷ், வயது பதினெட்டு. புள்ளிகள் சமம். அந்தக் கடைசி ஆட்டமும் சமமாக முடியப் போகிறது என்றே எல்லாரும் நினைத்தார்கள். ஐம்பத்தைந்தாவது நகர்த்தலில் டிங் தன் கோட்டையைக் கோட்டைக்கு மாற்றிக்கொள்ளக் கொடுத்தார். வாங்கிய குகேஷ், அடுத்ததாக மந்திரியையும் மந்திரிக்கு மாற்றும்படி செய்துவிட்டார். மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும்தான். அதில் குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். ஐம்பத்தெட்டாவது நகர்த்தலில் டிங் கை கொடுத்துவிட்டார். உலகப் பட்டமே ராஜாவும் சிப்பாயும் மட்டும் உள்ள ஆட்டத்தில்தான் கை மாறியது.

அந்த ஆட்டத்தின் அடிப்படையை நம்ம பிள்ளைகள் ஒரே மாலையில் படிக்கலாம். நமக்கு ராஜாவும் ஒரு சிப்பாயும், எதிராளிக்கு ராஜா மட்டும் என்று வைப்போம். பழகாத பிள்ளை சிப்பாயை முன்னால் ஓட்டிவிட்டு ராஜாவைப் பின்னால் நடத்தும். அப்படியானால் எதிராளி ராஜா வழியில் நின்று சமமாக்கிவிடலாம். ராஜாதான் முன்னால் நடந்து வழி திறக்க வேண்டும். நம்ம ராஜா ஆறாவது வரிசைக்கு ஏறி, சிப்பாய் அதற்கு நேர் பின்னால் நின்றால், நகர்த்துகிற முறை யாருடையதாக இருந்தாலும் ஜெயிக்கலாம். ஓரத்து வரிசைச் சிப்பாய்க்கு மட்டும் இந்தக் கணக்குச் சரிவராது. இதை ஒருவர் ஜெயிக்கப் பார்க்க, மற்றவர் தடுக்கப் பார்க்க, மாறி மாறி இருபது தடவை ஆடுங்கள். பலகை கூட வேண்டாம், கோடு போட்ட அட்டையும் மூன்று கொட்டையும் போதும்.

"எங்களிடம் கணினி இல்லையே" என்று அண்ணன்மார் சிலர் கேட்டார்கள். குகேஷுக்குச் சிறு வயதில் பயிற்சி கொடுத்த விஷ்ணு பிரசன்னா, கிராண்ட்மாஸ்டர் ஆகும் வரைக்கும் அவரைக் கணினியின் கணக்கை நாடாமல் சொந்தத் தலையால் கணக்கிடத்தான் பழக்கினார். கணினி இல்லாதது இந்தக் கட்டத்தில் நமக்குக் குறையே இல்லை. இப்போது அநேகமாக வீட்டுக்கு ஒரு போன் இருக்கிறது. லிசெஸ் என்ற செயலி இலவசம், அதில் புதிர்களும் உண்டு. ஆனால் போனில் மூன்று நிமிச ஆட்டமாக இராத்திரி முழுக்க ஆடுவது செஸ் பழக்கம் ஆகாது, அது அவசரத்தைத்தான் வளர்க்கும். ஆடினால் பதினைந்து நிமிசத்துக்குக் குறையாத ஆட்டம் ஒன்று ஆடுங்கள், பிறகு ஐந்து புதிர் செய்யுங்கள், போனை அம்மாவிடம் திருப்பிக் கொடுங்கள்.

இனி அம்மாமாருக்கு. "எனக்கு ஒன்னும் தெரியாதே, நான் எப்படிப் பார்க்கிறது" என்று கேட்கிறீர்கள். விஸ்வநாதன் ஆனந்த் மயிலாடுதுறையில் பிறந்தவர், இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர், பிறகு உலக சம்பியன். ஆறு வயதில் அவருக்குச் செஸ் சொல்லிக் கொடுத்தவர் அம்மா சுசீலா. தகப்பனாரின் வேலை காரணமாக அவர்கள் கொஞ்சக் காலம் மணிலாவில் இருந்தார்கள். அங்கே மத்தியானத்தில் தொலைக்காட்சியில் செஸ் நிகழ்ச்சி ஒன்று வரும், முடிவில் ஒரு புதிர் கொடுப்பார்கள். மகன் அந்த நேரம் பாடசாலையில். அம்மா உட்கார்ந்து ஆட்டங்களையும் புதிரையும் எழுதி வைப்பார். மாலையில் இரண்டு பேருமாகச் செய்து, விடையைத் தபாலில் அனுப்புவார்கள். பரிசு புத்தகம். அவர் ஜெயித்துக்கொண்டே இருந்ததால், கடைசியில் வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள், இனிமேல் விடை அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்களாம்.

உங்களுக்கு மத்தியானத்தில் நேரம் இல்லை, மலையில் நிற்கிறீர்கள். அது எங்களுக்குத் தெரியும். நாங்கள் கேட்பது அதைவிடச் சின்ன உதவி. இரவில் கொப்பியைக் கொண்டு வரச் சொல்லி, "இன்னிக்கு எங்க தோத்த, காட்டு" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை உங்களுக்கு விளங்கப்படுத்தும்போது அதற்கே விளங்கிவிடும். ஏன் தோற்றாய் என்று ஏசிவிடாதீர்கள். ஏச்சு விழுந்தால் அடுத்த நாள் கொப்பி ஒளிந்துவிடும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லி வைக்கிறோம். இப்படி ஆட்டத்தை மாற்றினால் முதல் ஒன்றிரண்டு மாதம் முன்பைவிட அதிகமாகத் தோற்பார்கள். பழைய வித்தையை விட்டிருப்பார்கள், புதிய பழக்கம் கைக்கு வந்திருக்காது, யோசித்து ஆடும்போது நேரமும் போதாது. உங்களுக்குத் தெரியாததா? கவ்வாத்து வெட்டின மலையில் அடுத்த நாளே யாரும் கூடையோடு போய் நிற்பதில்லை. பல மாதம் கொழுந்தே இருக்காது. அதற்காகக் கவ்வாத்து வெட்டினவரை ஏசுவதும் இல்லை.

பின்வரிசைத் தம்பி இந்த வருசம் வலயப் போட்டியில் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். சம்பியன் ஆகவில்லை. நான்காவது சுற்று வரைக்கும் போனான். தோற்ற ஆட்டத்தின் தாளை இந்த முறை பைக்கு அடியில் போடவில்லை, பஸ்ஸிலேயே எங்களிடம் நீட்டி, "இருபத்திரெண்டாவதுல மந்திரியை எடுத்திருக்கக் கூடாதுங்க" என்றான். நாங்கள் பார்த்தோம். அவன் சொன்னது சரி. பிறகு லயத்துக்குப் போய்ச் சேரும் வரைக்கும் அதற்குப் பதிலாக எதை நகர்த்தியிருக்கலாம் என்றே பேசிக்கொண்டு வந்தோம். எங்களுக்குள் இன்னும் ஒத்துவரவில்லை. அவன் குதிரை என்கிறான், நாங்கள் கோட்டை என்கிறோம்.

அந்த ஆட்டத்தை வரும் சனிக்கிழமை மூன்று மணிக்கு இங்கே பெரிய பலகையில் வைக்கப் போகிறோம். பிள்ளைகள் எல்லாரும் ஆளுக்கொரு தோற்ற ஆட்டம் எழுதிய கொப்பியோடு வரட்டும். கொப்பி இல்லாதவர்கள் போகும்போது வாசலில் வாங்கிக்கொள்ளுங்கள், பென்சிலும் இருக்கிறது.